பூட்டுக்குள் முறிந்தது

பெற்றோல் அடிப்பவர் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு மூடியைத் திறக்கச் சொன்னார். சுபாஜினி கைப்பைக்குள்ளிருந்து திறப்பை எடுத்து மோட்டார் சைக்கிள் டாங்கி மூடியின் பூட்டுக்குள் விட்டாள். அது பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இழுத்துத் துடைத்து மறுபடி விட்டாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

நாடு முழுவதும் பெற்றோல் இல்லாமற்போன வருடம் அது. சுகாதாரத் துறையில் வேலை செய்பவர்களுக்கென்று அன்று ஒரு நாளை ஒதுக்கியிருந்தார்கள். கோப்பாயிலும் சுற்றியுள்ள குறிச்சிகளிலும் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற மருத்துவமாது சுபாஜினி, விடியமுன்னமே வந்து வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை பெற்றோல் செட்டைத் தாண்டி, சந்தியைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத இடம் வரைக்கும் போயிருந்தது.

யாரோ ஹோர்ன் அடித்தார்கள். அதைக் கேட்டு வேறு பலரும் அடித்தார்கள். அவள் திறப்பைத் திருப்பிப் பார்த்தாள். அது வளைவது போலிருந்ததும் கையை எடுத்துவிட்டாள். பின்னால் நின்ற ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, ஒரு சொல்லும் கேட்காமல் திறப்பைப் பிடித்து முறுக்கத் தொடங்கினார். திறப்பு முறிந்தால் பிறகு மோட்டார் சைக்கிளை எடுக்கவே முடியாது என்று சொல்லி அவள் அவருடைய கையைத் தட்டிவிட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓட்டத் தெரியாட்டில் ஏன் ஆம்பிளையளின்ரை மோட்டச்சைக்கிளைக் கொண்டந்து எங்கடை நேரத்தைத் தின்னிறியள்?" என்றார்.

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவளோடு ஒரே கந்தோரில் வேலை செய்கிற ஒருவரும் சிரித்ததை அவள் கண்டாள்.

அது அவளுடைய தம்பி தனோஜனின் மோட்டார் சைக்கிள். அவன் பிரான்ஸுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அதை அவளே பழகி, மழைக்குள்ளும் மண் ஒழுங்கைகளுக்குள்ளும் வருடக்கணக்காக ஓட்டியிருக்கிறாள். ஓட்டத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரின் மருமகளைப் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியவளும் அவள்தான். அதை அவருக்கு நினைவுபடுத்த வாய் வந்தது. சொல்லவில்லை.

ஒரு கானிலாவது அடித்துத் தரும்படி பெற்றோல் அடிப்பவரிடம் கேட்டாள். கானில் அடிக்கத் தடை என்று அவர் வாசலில் நின்ற பொலிஸ்காரரைக் கண்ணால் காட்டினார். பிறகு, ஒதுங்கி நின்று திறந்துகொண்டு வந்தால் இடையில் விடுவதாகச் சொன்னார். அவள் ஒதுங்கினாள். கொண்டை ஊசியால் குத்திப் பார்த்தாள். மூடியை உள்ளங்கையால் அடித்துப் பார்த்தாள். அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே பெற்றோல் முடிந்துவிட்டதென்று சொல்லி வாசலுக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் டாங்கியில் இருந்த கடைசித் துளியும் தீர்ந்து மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. அடியில் ரிசேவாகக் கிடக்கிற பெற்றோலும் இத்தனை விரைவில் எப்படி முடிந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. வெள்ளைச் சீருடை முதுகோடு ஒட்ட, அந்த இரும்பை உருட்டிக்கொண்டு தார் ரோட்டில் நடந்தாள். எதிரே வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. வீட்டுக் கேற்றைக் காலால் தள்ளித் திறந்தாள்.

கணவன் சிவதர்ஷன் வாசல் முகப்பிலுள்ள போட்டிக்கோவுக்குள் நின்றான். வீடுகளுக்கு வயரிங் செய்வது அவனுடைய தொழில். சீமெந்தும் இல்லாமல், மின்சாரமும் ஒழுங்காக இல்லாமல், வீடு கட்டுகிற வேலைகள் எல்லாம் நின்றுபோனதால் அவன் சில கிழமைகளாக வீட்டிலேதான் இருந்தான். பெற்றோல் அடிக்கவில்லையா என்று கேட்டான். அவள் மூடியை அவனுக்குக் காட்டினாள். வரிசையின் அவசரத்தில் கவனிக்காதது இப்போது நன்றாகத் தெரிந்தது. பூட்டுத் துவாரத்தைச் சுற்றிப் புதிய கீறல்கள். மூடியின் விளிம்பில் எதையோ கொடுத்து நெம்பிய அடையாளம்.

அவன் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"கள்ளர்தான் ஆரோ பெற்றோல் எடுக்கப் பாத்திருக்கிறாங்கள்" என்றான். பிறகு நிமிராமலே, "ஆரை எண்டு சொல்லுறது. ஒழுங்கைக்கை புதுசா வந்த ஆக்களும் இருக்கினம்" என்றான்.

ஒழுங்கைக்குள் புதிதாக வந்து குடியிருந்தது ஒரே ஒரு குடும்பம். பக்கத்து வீட்டு லெனாட்டும் அவனுடைய மனைவி மதுராவும். லெனாட் மயிலிட்டிக் கடற்கரையின் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். அவன் பிறக்கும் முன்பே குடும்பம் சண்டையில் இடம்பெயர்ந்துவிட, அவன் முகாம்களில் வளர்ந்து, கடைசியில் கோப்பாயில் வாடகைக்கு வந்து சேர்ந்திருந்தான். துறைமுகத்தில் மீன் எடுத்து வந்து ஒழுங்கை ஒழுங்கையாக விற்பான். மதுராவுக்கு இது முதற்பிள்ளை. மாதம் ஏறிவிட்டது. போன கிளினிக்கில் பிறஷர் கொஞ்சம் கூடக் காட்டியதால், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தான் வந்து பார்ப்பதாகச் சுபாஜினி அவளிடம் சொல்லியிருந்தாள்.

மீன் விற்கிறவனுக்குத் தினமும் பெற்றோல் வேண்டும். சுபாஜினிக்கு அதற்கு மேல் எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்த கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. அவள் கேற்றைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஒழுங்கையில் இறங்கினாள்.

லெனாட் தன் வீட்டு வாசலில் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள் படங்குத் துணியால் மூடியபடி மரத்தடியில் நின்றது. பெட்டி கட்டுகிற கயிறு சைக்கிள் கரியரில் தொங்கியது. இரண்டையும் அவள் கண்டாள். கண்டும் கேட்டாள்.

"என்ரை டாங்கியை உடைச்சு எடுத்த பெற்றோல் எத்தினை நாளைக்குக் காணும் லெனாட்?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஈரக்கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஒரு மாதத்துக்கு மேலாகத் தான் மயிலிட்டிக்குச் சைக்கிளில் போய் வருவதாகவும், வேண்டுமானால் வந்து தன்னுடைய டாங்கியைத் திறந்து பார்க்கும்படியும் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. அவன் குரலை உயர்த்தாதது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. முன்வீட்டு மகாதேவி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தெருவில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள்.

"களவெடுத்தவன் டாங்கிக்கையே வைச்சிருப்பான்? வித்துப்போட்டிருப்பாய். உங்கடை ஆக்களை ஊருக்குள்ளை விட்டால் உதுதான் நடக்கும்" என்றாள் சுபாஜினி.

லெனாட் குனிந்து பெட்டியை மறுபடி கழுவத் தொடங்கினான். உள்ளேயிருந்து மதுரா வந்தாள். வயிற்றைத் தாங்கியபடி வாசற்படியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ், இனி எங்கடை வீட்டுக்கு வர வேண்டாம்" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

சுபாஜினி திரும்பி வந்தபோது சிவதர்ஷன் கேற்றுக்கு உள்ளே நின்றான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். அன்றிரவு சாப்பிடும்போது, அவள் அப்படிச் சனம் பார்க்கக் கதைத்திருக்கத் தேவையில்லை என்று மெதுவாகச் சொன்னான். பெற்றோலைக் களவு கொடுத்தது நானா நீங்களா என்று அவள் கேட்டாள். அவன் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அதற்கடுத்த நாட்களில் சுபாஜினி பழைய சைக்கிளை எடுத்து வேலைக்குப் போனாள். காற்று எதிரே அடிக்க, உரும்பிராய்ப் பக்கத் தோட்டங்களுக்கு நடுவால் மிதித்து, வியர்த்து, அரைவாசி வீடுகளைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. போகிற வீடுகளில் எல்லாம் ஏன் பிந்தி வந்தீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவளுக்கு லெனாட் மீது புதிதாகக் கோபம் வந்தது. மதுரா அந்தக் கிழமை கிளினிக்குக்கு வரவில்லை. பக்கத்துப் பிரிவைப் பார்க்கிற மருத்துவமாது மீனாம்பிகையிடம் சுபாஜினி அதைச் சொல்லி, நேரம் கிடைத்தால் ஒருக்கால் போய்ப் பார்க்கும்படி கேட்டாள். மீனாம்பிகையிடமும் பெற்றோல் இல்லை. பார்க்கிறேன் என்றாள்.

சிவதர்ஷன் அந்த மூடியைப் பற்றி அவளைவிட அதிகம் கவலைப்பட்டான். உரும்பிராயில் கராஜ் வைத்திருக்கிற லோஜனிடம் மோட்டார் சைக்கிளைத் தான் உருட்டிக்கொண்டு போவதாக இரண்டு முறை சொன்னான். அவ்வளவு தூரம் உருட்ட வேண்டாம் என்று அவள் லோஜனுக்குத் தொலைபேசியில் கதைத்தாள். பூட்டுக்குள் ஏதாவது முறிந்து கிடந்தால்தான் திறப்புப் பாதியில் நிற்கும், சுத்தியலால் ஒருபோதும் அடிக்க வேண்டாம் என்று லோஜன் சொன்னான். எண்ணெய் விட்டு ஊறவைத்து, உள்ளே கிடப்பதை மெதுவாக எடுத்த பின், மூடியைக் கையால் கீழே அழுத்திக்கொண்டு திறப்பைத் திருப்பச் சொன்னான்.

சனிக்கிழமை அவள் மோட்டார் சைக்கிளைக் கிணற்றடிச் சீமெந்துத் தரையில் நிறுத்தினாள். தையல் மெஷின் எண்ணெயைத் துவாரத்துக்குள் விட்டாள். தன்னுடைய பழைய மருத்துவப் பெட்டிக்குள் கிடந்த, இரத்தக்குழாயைப் பிடிக்கிற மெல்லிய நுனியுள்ள இடுக்கியையும் ஒரு ஊசியையும் எடுத்து வந்தாள். சிவதர்ஷன் பின்னால் வந்து நின்றான்.

"விடும், நான் பாக்கிறன். உமக்கேன் உந்த வேலை" என்றான்.

அவள் டோர்ச்சைப் பிடிக்கும்படி அவனிடம் கொடுத்தாள். வெளிச்சம் நிலையாக நிற்கவில்லை. அதைத் திருப்பி வாங்கித் தன் வாயில் கவ்விக்கொண்டாள்.

துவாரத்தின் அடியில் ஏதோ மினுங்கியது. ஊசியால் அதை அசைத்தாள். அது முதலில் அசையவில்லை. இன்னும் எண்ணெய் விட்டு, மூடியின் பக்கங்களில் மரக்கட்டையால் மெல்லத் தட்டி, மறுபடி அசைத்தாள். இடுக்கி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தாள். வெளியே வந்தது ஒரு சின்ன உலோக முனை. தட்டையானது, மினுக்கமானது, நகத்தின் அளவுகூட இல்லாதது.

மூடியை இடக்கையால் அழுத்திக்கொண்டு திறப்பை விட்டாள். அது இம்முறை அடிவரை போனது. திருப்பினாள். மூடி கழன்று கையோடு வந்தது. இத்தனை நாளும் இதற்காகவா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சிவதர்ஷனுக்குக் காட்டுவதற்காக அந்த முனையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

அவன் அதைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அவள் அந்த முனையைச் சரியாகப் பார்த்தாள். திருடர்கள் கொண்டுவருகிற தடித்த திருப்புளியின் முனை அல்ல அது. வயருக்குள் கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்டரின் முனை. அப்படி ஒன்று அவனுடைய சட்டைப் பையில் எந்த நேரமும் குத்தியிருக்கும். பல தடவை அதைச் சட்டையோடு சேர்த்துத் தோய்த்திருக்கிறாள். இந்தக் கிழமை முழுக்க அதைக் காணவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவனுடைய வயரிங் ஆயுதப் பையைத் தரையில் கவிழ்த்தாள். டெஸ்டர் அடியில் கிடந்தது. மஞ்சள் பிடி. முனை இல்லை. கையிலிருந்த துண்டை அதில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

அவன் வாசலில் வந்து நின்றான். அவள் கத்தவில்லை. கத்தினால் அவன் தப்பிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. நடந்ததைச் சொல்லச் சொன்னாள்.

அவன் துண்டு துண்டாகச் சொன்னான். முந்திய ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸில் தெல்லிப்பழைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது அவனுடைய அண்ணன் பார்த்தீபன் வந்திருக்கிறான். கனடாவிலிருந்து வந்த நண்பர்களைக் கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும், பெற்றோல் இல்லை, கொஞ்சம் தா என்று கேட்டிருக்கிறான். திறப்பு அவளுடைய கைப்பையில் இருந்தது. அண்ணனுக்கு இல்லையென்று சொல்ல வாய் வராமல் டெஸ்டரால் மூடியைத் திறக்கப் பார்த்திருக்கிறான். முனை உள்ளே முறிந்துவிட்டது. பிறகு அண்ணன் சொன்னபடி டாங்கிக்குக் கீழே இருக்கிற குழாயைக் கழற்றிப் போத்தல்களில் வடித்துக் கொடுத்திருக்கிறான்.

"கேட்டால் நீர் தரமாட்டீர் எண்டு தெரியும்" என்றான்.

"தரமாட்டன். தாய்மாரைப் பாக்கப் போறதுக்குத் தந்த பெற்றோலைக் கடலிலை குளிக்கிறதுக்குத் தரமாட்டன். அது உங்களுக்குத் தெரியும், அதுதான் களவெடுத்தனீங்கள்" என்றாள் அவள். "சரி. அதையும் விடுவம். உள்ளுக்கு முறிஞ்சு கிடக்கெண்டு தெரிஞ்சுகொண்டு என்னை ஏன் வரிசைக்குப் போக விட்டனீங்கள்?"

திறப்பு ஒருவேளை வேலை செய்யும் என்று நினைத்ததாக அவன் சொன்னான்.

"லெனாட்டை?"

அவன் குனிந்து தரையில் சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கப் போனான்.

"புதுசா வந்த ஆக்கள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் அவனைக் கள்ளன் எண்டு கத்தேக்கை நீங்கள் கேற்றடியிலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள். வந்து என்ரை கையைப் பிடிச்சு இழுத்திருக்கலாம். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். பிறகு சாப்பிடேக்கை எனக்குப் புத்தியும் சொன்னனீங்கள்."

அவள் அந்தப் பையை அப்படியே தரையில் விட்டாள். நாளைக் காலையில் லெனாட் மீனோடு வரும்போது அவன் வாசலுக்குப் போய், எல்லாரும் கேட்க, நான்தான் எடுத்தேன் என்று சிவதர்ஷன் சொல்ல வேண்டும் என்றாள். தனியாகப் போய்ச் சொல்வதாக அவன் கெஞ்சினான். சனத்துக்கு முன்னால் என்றால் பிறகு இந்த ஒழுங்கையில் எப்படி இருப்பது என்று கேட்டான். கள்ளன் என்ற பெயரோடு லெனாட் இந்தக் கிழமை முழுக்க இருக்கிறான்தானே என்று அவள் சொன்னாள்.

பின்னேரம் பார்த்தீபன் வந்தான். தம்பி கூப்பிட்டிருக்க வேண்டும். கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு, ஒரு சின்ன விசயத்தை அவள் ஊதிப் பெருப்பிக்கிறாள் என்று சிரித்தான். பெற்றோல் வந்ததும் இரட்டிப்பாகத் தருவதாகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"சுபா, அவங்களிட்டைப் போய் எங்கடை வீட்டு ஆம்பிளை மன்னிப்புக் கேக்கிறதோ? நாளைக்கு எங்களை மதிப்பாங்களோ? கொஞ்சம் யோசியும்."

இதே சொல்லை, இதே 'அவங்கள்' என்பதைத்தான் சுபாஜினியும் அன்று லெனாட்டின் வாசலில் நின்று 'உங்கடை ஆக்கள்' என்று சொன்னாள். சொல்லும்போது அது வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இப்போது நினைவுக்கு வந்தது. கிளினிக்கில் எல்லாத் தாய்மாரும் ஒன்று என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவள் அவள்.

"எழும்பிப் போங்கோ அத்தான்" என்றாள்.

பார்த்தீபன் தம்பியைப் பார்த்தான். தம்பி நிலத்தைப் பார்த்தான். அவள் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனான்.

காலையில் லெனாட் சைக்கிளில் வந்து இறங்கியதும் வழமைபோலப் பெண்கள் சட்டிகளோடு அவனுடைய வாசலில் கூடினார்கள். மகாதேவி அக்காவும் நின்றார். சுபாஜினி சிவதர்ஷனை ஒருமுறை பார்த்தாள். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டிக்கோவுக்குள் நின்றான். வரவில்லை. அவள் தனியாகப் போனாள்.

அவளைக் கண்டதும் கதை நின்றது. மதுரா படிக்கட்டில் இருந்தாள். லெனாட் சூடை மீனை அள்ளித் தராசில் போட்டுக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"லெனாட்" என்றாள் சுபாஜினி. அன்று கத்திய அதே அளவுக்குக் குரலை உயர்த்தினாள். "என்ரை பெற்றோலை எடுத்தது நீங்கள் இல்லை. என்ரை மனுசன். நான் விசாரிக்காமல் உங்களைக் கள்ளன் எண்டனான். உங்கடை ஆக்களையும் சேத்துச் சொன்னனான். பிழை. எல்லாருக்கும் முன்னாலை சொன்னதை எல்லாருக்கும் முன்னாலை திருப்பி எடுக்கிறன்."

மகாதேவி அக்கா மெதுவாகத் திரும்பி, இப்போது கேற்றடி வரை வந்து உள்ளே நின்ற சிவதர்ஷனைப் பார்த்தார்.

"ஓமோ தம்பி?" என்று கேட்டார்.

அவன் கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதைத் திறந்து வெளியே வர அவனால் முடியவில்லை. எல்லாருடைய முகமும் அவன் பக்கம் திரும்பியிருந்தது. கடைசியில், "ஓம்" என்றான். அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்விட்டான்.

லெனாட் தராசைக் கீழே வைத்தான்.

"அக்கா, பெற்றோலைப் பற்றி நீங்கள் கேட்டதை நான் அண்டைக்கே விட்டிட்டன். களவு போனால் ஆரும் பக்கத்து வீட்டைத்தான் முதல் பாப்பினம். நீங்கள் உங்கடை ஆக்கள் எண்டு சொன்னியள். அது பெற்றோலோடை வந்த கதை இல்லை. அது முதலே உங்களிட்டை இருந்த கதை."

அவன் மறுபடி மீனை நிறுக்கத் தொடங்கினான். அப்போது அவளுடைய கண் மதுராவின் கால்களில் விழுந்தது. இரண்டு பாதங்களும் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் இருந்தன. முகமும் ஊதியிருந்தது. தலை இடிக்கிறதா, கண் மங்கலாகத் தெரிகிறதா என்று சுபாஜினி கேட்டாள். இரண்டு நாளாகத் தலை இடிப்பதாக மதுரா சொன்னாள். பிறஷரை உடனே பார்க்க வேண்டும் என்று சுபாஜினி படியேறப் போனாள்.

"உங்கடை கையாலை வேண்டாம்" என்றாள் மதுரா.

சுபாஜினி அங்கே நின்று வாதாடவில்லை. ஒழுங்கையில் நின்றபடியே மீனாம்பிகைக்குத் தொலைபேசியில் கதைத்தாள். போட்டது போட்டபடி விட்டுவிட்டு உடனே வரச் சொன்னாள். மீனாம்பிகை சைக்கிளில் மூச்சு வாங்க வந்து, பிறஷரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். பிறஷர் மிகவும் கூடிவிட்டது என்று சுபாஜினியிடம் சொன்னாள். சுபாஜினி ஏற்கனவே அம்புலன்ஸுக்கு அழைத்திருந்தாள். அது வந்து மதுராவை ஏற்றிக்கொண்டு போகும்வரை அவள் வேலியோரம் நின்றாள். லெனாட் மீன் மணக்கிற அதே சட்டையோடு ஏறிப் போனான். பெட்டியிலிருந்த மீனுக்கு மகாதேவி அக்கா ஐஸைப் போட்டு மூடிவைத்தார்.

அன்று மாலை சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. நாள் முந்திப் பிறந்ததால் நிறை குறைவு. ஆனால் தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்று மீனாம்பிகை வந்து சொன்னாள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதையும் சொன்னாள். சிவதர்ஷன் அடுத்த அறையில் இருந்தான். மீனாம்பிகை போன பிறகு சுபாஜினி அங்கே போய் அந்தக் கடைசி வசனத்தை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அவனுக்குச் சொன்னாள். அவன் அழுதான். அவளுக்கு அதைப் பார்த்து இரக்கம் வரவில்லை. வர வேண்டுமென்று அவள் முயலவும் இல்லை.

மதுரா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், பிள்ளையை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியது சுபாஜினியின் கடமை. மீனாம்பிகையை அனுப்பலாம். மேலிடத்தில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு, அவள் நிறை பார்க்கிற தராசைத் தூக்கிக்கொண்டு தானே போனாள். இனி வேண்டாம் என்று அவர்கள் சொல்வதானால் அதைத் தன் முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்று நினைத்தாள்.

லெனாட் வாசலில் வலைப் பையொன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டு எழும்பி வழிவிட்டான். வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. உள்ளே மதுரா பாயில் இருந்தாள். கதிரை ஒன்று சுவரோரம் கிடந்தது. அதில் இருக்கும்படி ஒருவரும் சொல்லாததால் சுபாஜினி நிலத்தில் இருந்தாள்.

"பிள்ளையைப் பாருங்கோ. மற்றக் கதை ஒண்டும் வேண்டாம்" என்றாள் மதுரா.

சுபாஜினி பிள்ளையைத் தராசில் கிடத்தினாள். நிறை கொஞ்சம் ஏறியிருந்தது. தொப்புளைப் பார்த்தாள், கண்ணின் நிறத்தைப் பார்த்தாள், பால் கொடுக்கும்போது பிள்ளையை எப்படிச் சரித்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். மதுரா சொன்னபடியெல்லாம் செய்தாள். சுபாஜினியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளை இரண்டு முறை விட்டுவிட்டு, மூன்றாம் முறை சரியாகப் பிடித்துக் குடிக்கத் தொடங்கியது. அதுவரை அவர்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிக்கிட்டு எழும்பியபோது, அடுத்த முறை எப்போது வருவீர்கள் என்று மதுரா கேட்டாள். வெள்ளிக்கிழமை என்று சுபாஜினி சொன்னாள். மதுரா தலையை அசைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது சிவதர்ஷன் கேற்றடியில் நின்றான். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.

"பிள்ளை நிறை ஏறியிருக்கு" என்றாள் அவள். "உங்களைப் பற்றி அவை ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் சொல்ல வேண்டியது இன்னும் உங்களிட்டைத்தான் இருக்கு."

அவன் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தான். லெனாட் இன்னும் அங்கேதான் இருந்து தைத்துக்கொண்டிருந்தான். சிவதர்ஷன் கேற்றைத் திறந்தான். ஒழுங்கையில் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றான். சுபாஜினி அவனைத் தள்ளவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. போகிறானா என்று பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரமும் இல்லை. உரும்பிராயில் இன்னும் பார்க்க வேண்டிய வீடுகள் இருந்தன. சைக்கிளில் தராசைக் கட்டிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள்.